விடுபட்ட மூன்று நாட்கள்

மாணிக்கவாசகம் வாத்தியார் சிறுவர் கதைகளைப் பென்சில் இல்லாமல் படித்ததில்லை. கதைக்குள் காடு வந்துவிட்டால் பக்க ஓரத்தில் பொடியாக ‘பா’ என்றோ ‘கே’ என்றோ எழுதுவார். பார்த்தது, கேட்டது என்று பொருள். இரண்டுமில்லாத இடத்தில் ஒரு சுழி. வழி தவறிய பிள்ளைகள் கண்ணில்பட்ட காயைப் பறித்துத் தின்று பசியாறினால் அந்தப் பக்கம் முழுக்கச் சுழிகள்தான்.

“கததானே சார், விட்டுடுங்கலா. புள்ளைங்க காட்டுக்கா போவப் போவுது?” என்பார் உடன் வேலை பார்த்த கலியாணசுந்தரம்.

வாத்தியார் விட்டதில்லை. அவரே எழுதிய கதைகளில் அட்டைப்பூச்சி ஒட்டும் இடம் முதல் மூங்கில் பூக்கும் விதம் வரை பிழை இருக்காது. யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றிவிடுவார். அடக்கமான மனிதர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரும் அவருக்குக் கனமாகத்தான் இருந்தது.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், 1944இல், அவருக்கு இருபத்தாறு வயது. கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் கிடங்கு மூடிக் கிடந்தது. காஜா பெராங்கில் அவர் குடியிருந்த தெருவில் பிள்ளைகளுக்கு மரவள்ளியும் அரை வயிறும்தான். பசியை மறக்கட்டும் என்று ஒரு கதை எழுதத் தொடங்கினார். அண்ணனும் தங்கையும் காட்டில் வழி தவறி ஆறு நாள் பிழைத்து வருகிற கதை. பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கம்தான் காகிதம். வாரம் ஒரு தாள், வீடு வீடாகக் கைமாறும்.

அவர் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. தெரிந்தவர் பக்கத்து வீட்டு நாகம்மா. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசத் தொடங்கிவிட்ட செட்டிச் சமூகத்துப் பெண். நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய், தமிழ் எழுத்து தெரியாது. புக்கிட் ரம்பாய்ப் புதர்களில் காடோங் கிழங்கு தோண்டி, பக்குவப்படுத்திச் சாலையோரம் விற்று, வயதான மாமியாரையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“மூணு இலை ஒண்ணாச் சேந்திருக்கும், கொடியில முள்ளு,” என்று மலாயில் சொல்லிக்கொண்டே நாகம்மா கிழங்கை மெல்லிசாக அரிந்தார். “அரிஞ்சு, சாம்பல் தேச்சு, கூடையில போட்டு ஓடுற தண்ணியில மூணு நாள். அதுக்கு முன்ன தின்னா நாக்கு மரத்துப்போகும், ஆளே போயிடுவான்.”

“மூணு நாளா? என் பிள்ளைங்க பசியோட இருக்காங்களே, காக்,” என்றார் மாணிக்கவாசகம். காக் என்றால் மலாயில் அக்கா.

“உங்க பிள்ளைங்க தாளுலதான் பசியா இருக்காங்க. என் வீட்டுல நெசமாவே பசி. நாங்க காத்திருக்கல?” நாகம்மா சிரித்தார். “நான் சொன்னத அப்படியே எழுதுவீங்களா, கிராணி?”

“அப்படியே.”

அப்படியேதான் எழுதினார். ஆனால் படித்துப் பார்த்தபோது கதை ஓடைக்கரையில் மூன்று நாள் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்து காட்டுப்பன்றி துரத்த வேண்டும். அந்த வரிகளை அடித்தார். அண்ணனும் தங்கையும் அன்று மாலையே கிழங்கைச் சுட்டுத் தின்றார்கள்.

இலையையும் முள்ளையும் மட்டும் பிசகில்லாமல் வைத்துக்கொண்டார். அவையும் பொய்யாக இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

தெருக்கோடி வீட்டுச் சந்திரமதிக்குப் பத்து வயது. அப்பா கிளேபாங் கடற்கரையில் உப்புக் காய்ச்சப் போயிருந்தார். அவளும் தம்பியும் புதருக்குப் போய், கதையில் படித்த அந்தக் கொடியைக் கண்டுபிடித்தார்கள், தோண்டினார்கள், சுட்டார்கள். அம்மா சாரதாம்பாள் வேலையிலிருந்து வந்தபோது இருவரும் வாந்தியில் கிடந்தார்கள். உயிர் தப்பியது. பேச இரண்டு நாளானது. அதற்குள் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது: காடோங் விற்பது நாகம்மாதானே.

சாரதாம்பாள் வந்து நாகம்மாவின் கூடையை உதைத்தார். “வெசத்த விக்கிறா! கண்ணு முன்னால என் ரெண்டு புள்ளையும் போகத் தெரிஞ்சிச்சு!”

நாகம்மா மாணிக்கவாசகத்தைத் திரும்பிப் பார்த்தார். “அவங்க எங்கிட்ட வாங்கவே இல்ல, கிராணி. அவங்க பாஷையில நீங்க சொல்லுங்க.”

அவருக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வாய் திறந்தார். “இப்ப சண்ட வேணாங்க்கா. போய்ப் புள்ளைங்களப் பாருங்க,” என்றுதான் வந்தது.

மறுநாள் சந்திரமதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “புதருக்குப் போனேன்னு தெரிஞ்சா அம்மா அடிக்கும். அந்தம்மாகிட்ட வாங்கினேன்னு சொல்லிட்டேன் மாமா.” கொஞ்சம் நின்று, “கதையில அன்னிக்கே தின்னாங்களே. அவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆவல?” என்றாள்.

“இனிமே அதத் தொடாத,” என்றார். காரணம் சொல்லவில்லை. அவள் சொன்ன பொய் தனக்கும் குடையானது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அன்றே வீடு வீடாகப் போய்த் தாள்களைத் திரும்ப வாங்கிவந்து தகரப் பெட்டியில் வைத்தார்.

நாகம்மாவிடம் பிறகு யாரும் வாங்கவில்லை. வருஷக் கடைசியில் மாமியார் இறந்துபோனார். பசியா வயதா என்று சொல்ல ஆளில்லை. மாணிக்கவாசகம் சுடுகாடு வரை போனார். அவரைக் கோழை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தத் தெருவில் அன்று பாடை தூக்க முதலில் ஓடியவரும் அவர்தான். இரண்டும் ஒரே மனிதர் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜப்பான் சண்டை முடிந்து அவர் வாத்தியாரானார். நாகம்மா வீடுகளில் துணி துவைத்தார். 1950இல், தங்கையின் இளைய மகன் தம்பிராஜா தமிழ்ப்பள்ளியில் சேர்ந்ததும் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அந்தக் கதையைக் கொடுங்க, வாத்தியாரே. இவன் வாசிச்சுக் காட்டுவான். நான் சொன்னது எழுத்துல இருக்குன்னா வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. மூணு நாள்னு போட்டிருக்கீங்கதானே?”

“போட்டிருக்கேன் காக். எங்க வெச்சேன்னு தேடிப் பாக்கணும்.”

அடுத்த தீபாவளிக்கும் அதற்கடுத்த தீபாவளிக்கும் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். தம்பிராஜா தமிழில் நன்றாகத் தேறினான். அவர் வகுப்பில்தான் படித்தான். அந்தப் பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு வருஷமும் தாள்களைக் கொடுத்தனுப்ப அவர் கை எழவில்லை.

1973இல் மாணிக்கவாசகம் காலமானபோது மூன்று நாள் பற்றிய வரிகள் அடித்தபடியே, ஆனால் படிக்கும்படியாகவே, பெட்டியில் இருந்தன. நாகம்மா அதே தெருவில் இருந்தார். அவர் கேட்ட கதை அவர் கைக்குப் போகவில்லை.