விருந்தாளி அரிசி

சென்ற வாரம் பாபநாசத்தில் என் நாத்தனார் வசந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறம் ஒரே புகை. தென்னை மரத்தடியில் ஒரு ஜப்பான்காரப் பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இஸ்திரி கடையில் வாங்கி வந்த கரியை விசிறிக்கொண்டிருந்தாள்.

வேறு யாருமில்லை, வசந்தாவின் மருமகள் யூகா. மகன் பிரபு ஜப்பானுக்கு வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்ட பெண். நகானோ என்கிற மலைப் பிரதேசத்துக்காரி. புகுந்த வீட்டுக்கு இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறாள்.

அவள் சுட நினைத்தது அவர்கள் ஊர்ப் பலகாரம். கொஹேய்மோச்சி என்று பெயர். சோற்றை அரைகுறையாக இடித்து, தட்டையான குச்சியில் அப்பி, தணலில் வாட்ட வேண்டும். மேலே மிசோ தடவி மறுபடி வாட்ட வேண்டும். மிசோ என்பது சோயாவை மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. அதில் வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்து அரைத்திருந்தாள். அறுப்பு முடிந்ததும் அந்த மலைக்கிராமங்களில் வீட்டுக்கு வீடு இதைச் சுடுவார்களாம்.

சோறு, குச்சி, நெருப்பு... தஞ்சாவூர் ஜில்லாவில் இதில் எதற்குப் பஞ்சம்?

ஆனால் சோறு குச்சியில் நிற்கவில்லை. அப்பினாள் — உதிர்ந்தது. அழுத்திப் பிடித்தாள் — தணலுக்குக் கிட்டே போனதும் பொலபொலவென்று கரியில் கொட்டியது. காக்கைகளுக்கு நல்ல வேட்டை.

உதிராமல் என்ன செய்யும்? வசந்தா வடித்துக் கொடுத்த சோறு அது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் பழைய அரிசிதான். ஒரு வருஷம் மூட்டையில் கிடந்த அரிசியைக் கஞ்சி வடித்தால் ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்டாது. மருமகளுக்காகவே ஒரு மூட்டையை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் வசந்தா.

அது மட்டுமா? வந்த நாளிலிருந்து அவளை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. "நீங்க உக்காருங்க... நீங்க சாப்பிடுங்க... பாத்திரத்தையெல்லாம் தொடாதீங்க." எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் மாமியார் என்னை வரவேற்றது ஒரு கூடை சின்ன வெங்காயத்தோடு!

யூகாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"அத்தை என்னை ஒண்ணும் செய்ய விடல," என்றாள் என்னிடம், பிரபு சொல்லிக்கொடுத்த தமிழில். "எங்க அப்பா வீட்டு சாப்பாடு நான் செய்யணும். அத்தை சாப்பிடணும். அதுக்குள்ள ஊருக்குப் போற நாள் வந்துடுச்சு." கண் கலங்கியிருந்தது. புகையால் மட்டும் அல்ல.

வசந்தா எட்டிப் பார்த்தாள். "கவலைப்படாதீங்கம்மா. இன்னும் நல்ல அரிசியா பார்த்து வடிச்சுத் தரேன்." தேடிப்பிடித்து அதைவிடப் பழைய அரிசியில் வடித்துக் கொடுத்தாள். பாசம்தான். அது இன்னும் மோசமாக உதிர்ந்தது.

"போதும்மா, கடையில பரோட்டா வாங்கிக்கலாம்," என்றேன் நான். எனக்குப் பசி. யூகா குச்சிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கினாள். "முடியும்," என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு வசந்தா அடுப்படியில் தனியாகத் தட்டோடு உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்கப் போன யூகா அங்கேயே நின்றுவிட்டாள். என்னவென்று நானும் போனேன். மாமியார் தட்டில் இருந்தது வேறு சோறு. இந்தத் தை அறுப்பில் வந்த புது அரிசி, கட்டி கட்டியாகக் குழைந்து கிடந்தது.

யூகா குனிந்தாள். அந்தத் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்து உருட்டி அழுத்தினாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அத்தை, எனக்கு இந்த அரிசி வேணும்."

வசந்தா பதறிவிட்டாள். "ஐயோ, அது புது அரிசிங்க. குழைஞ்சு போகும், வயித்துக்கும் ஆகாது. வீட்டு மனுஷங்க நாங்க எப்படியோ தின்னுக்குவோம். விருந்தாளிக்கு யாராச்சும் இதைப் போடுவாங்களா?"

"நான் விருந்தாளி இல்ல, அத்தை."

வசந்தா எச்சில் கையோடு அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, புது அரிசி டின்னைத் திறந்து, அளக்கும் படியை மருமகள் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் சோறு குச்சியை விடுவேனா என்று பிடித்துக்கொண்டது. மிசோ தணலில் பொரியும் வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா ஒரு குச்சியைக் கடித்து நிதானமாக மென்றாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றாள். சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உபசாரம் நல்லதுதான். ஆனால் நாற்காலி போட்டு, விசிறி விட்டு, அப்படியே ஆளை வாசலிலேயே நிறுத்திவிடவும் அதற்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது பழைய அரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா?

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது.

"ஏண்டி யூகா, பாலைப் பொங்க விட்டுட்டு எங்கடி பராக்கு பார்க்கறே?"

திட்டு வாங்கியவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... அப்படி ஒரு சிரிப்பு.