மூன்றாவது சுற்றில் நின்ற எஞ்சின்

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் பட்டறை உதவியாளன். ஐடிஐ படித்தவன். பத்தொன்பது வருடமாக அதே லேத், அதே நீலச் சட்டை. எங்கள் வீட்டில் முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவன் நான்தான். எனக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் கழனியில் குனிந்து நிமிர்ந்தவர்கள்.

போன வருடம் துறைத் தலைவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு மாதிரி விமானத்தின் எஞ்சின். பெட்ரோலில் ஓடும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எப்போதோ விமானத்தோடு விழுந்து, அலமாரியில் துருப்பிடித்துக் கிடந்தது.

"காலேஜ் விழாவுக்கு இது பறக்கணும்பா. முடியுமா உன்னால?"

"பிரிச்சுப் பாத்துட்டு சொல்றேன் சார்."

தினமும் முதல் மணி அடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். பேரிங் இறுகிப்போயிருந்தது. வால்வு முகமெல்லாம் கரி. பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் துறைத் தலைவர் புதிதாக வரவழைத்துக் கொடுத்தார். வால்வை நானே தேய்த்து உட்கார வைத்தேன். வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி ஒரு தாளின் கனத்தில் பாதிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அந்த எஞ்சினுக்குள் தனியாக ஆயில் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்க வேண்டும்.

முகப்பு விசிறியைத் தட்டியதும் எஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் நிதானமாக ஓட மாட்டேன் என்றது. வேகத்தைக் குறைத்தால் ஏறும், இறங்கும், நின்றுவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுகள், ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, ஒன்று முழு வேகத்துக்கு. நான்கு நாட்கள் அவற்றோடு மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்புரேட்டர் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் வைத்தேன். சத்தம் மாறியது. அங்கேதான் காற்று கசிந்திருக்கிறது. கடைத்தெருவில் பைக் ஸ்பேர்ஸ் கடையில் தேடி, அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கிவந்து போட்டேன்.

அதன் பிறகு அது ஓடிய ஓட்டத்தை எப்படிச் சொல்வது? மெதுவாக வைத்தால் தையல் மெஷின் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது. ஒரேயடியாக முடுக்கினால் தயங்காமல் எகிறியது. உச்ச வேகம் வரும் வரை திருகை இறுக்கி, பிறகு பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போகட்டும் என்று லேசாகத் திறந்துவிட்டேன். விசிறி மேலே பார்க்கும்படி தூக்கிப் பிடித்தபோதும் சத்தம் தொய்யவில்லை. பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன்.

துறைத் தலைவர் வந்து வீடியோ எடுத்தார். அதில் என் கை மட்டும் தெரிகிறது. மறுவாரம் வாசலில் பேனர் கட்டினார்கள். அவர் வழிகாட்டுதலில் மாணவர்கள் புதுப்பித்த எஞ்சின் என்று போட்டிருந்தது. மாணவர்கள் பெயர் எட்டு. அதில் ஆறு பேர் பட்டறைப் பக்கமே வந்ததில்லை. என் பெயரையும் போடக் கூடாதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒர்க்‌ஷாப் ஸ்டாஃப் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லப்பா," என்றார். பக்கத்தில் நின்ற விருந்தினரிடம், "நம்ம பையன்தான். நல்லா வேலை செய்வான்," என்றார். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

வீட்டில் சொன்னபோது மனைவி, "நீ இன்னாத்துக்கு வாயத் தொறந்து கேட்ட? கேக்காம இருந்திருந்தா இந்தப் பேச்சையாவது கேட்டிருக்க வேணாம் இல்ல," என்றாள்.

அனந்தபுரம் பக்கம் தண்ணீர் வற்றிய ஏரியில் விழா நாளன்று அந்த எஞ்சினைப் பொருத்திய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். ஷாமியானா, நாற்காலி, மைக். தரையில் நின்று ரிமோட்டில் விமானத்தை ஓட்டியவள் மூன்றாம் ஆண்டு மாணவி. மேல்சித்தாமூர்ப் பெண். பேனரில் இருந்த எட்டுப் பேரில் தினமும் வந்து என்னோடு ஸ்பேனர் பிடித்த இரண்டு பேரில் ஒருத்தி.

எஞ்சினைக் கிளப்பினேன். துறைத் தலைவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்குதே," என்று சொல்லி என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, முழு வேகத்துக்கான திருகைக் கால் சுற்று இறுக்கினார். சத்தம் கூர்மையானது. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

எனக்குத் தெரியும். தரையில் அது தாங்கும். மேலே போனால் விசிறிக்குப் பாரம் குறையும், வேகம் ஏறும், பெட்ரோல் போதாது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். "சார், கொஞ்சம் திறந்து வுடுங்க," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பறக்கட்டும், நின்று போகட்டும், அத்தனை பேர் முன்னாலும் அவர் தலை குனியட்டும் என்று நினைத்தேன். கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

இரண்டு சுற்று அழகாகப் போனது. மூன்றாவதில் சத்தம் மெலிந்தது. ஒரு கீச்சல். பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தைச் சமவெளிக்குத் திருப்பப் பார்த்தாள். உயரம் போதவில்லை. இறக்கை கரையில் மோதித் தெறித்தது.

துறைத் தலைவர் மைக்கிலேயே சொன்னார்: "பைலட் கன்ட்ரோல தப்பா புடிச்சிட்டாங்க."

அவர் தலை குனியவில்லை. குனிந்தது அவள்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணா, நெஜமாவே என் தப்பா?"

எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தேன். பிஸ்டனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பக்கமெல்லாம் சுரண்டின மாதிரி கோடு. "ஆயில் பத்தாம புடிச்சிக்கிச்சும்மா. அவரு திருகனப்பவே தெரியும்."

"தெரியுமா? அப்போ ஏன்ணா அங்க சொல்லல?"

நான் ஸ்பேனர்களை அடுக்க ஆரம்பித்தேன். பிஸ்டனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் குழுவிலிருந்து அவளே பெயரை எடுத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது.

அவள் வந்த அன்று மத்தியானமே பிஸ்டனை எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனேன். "சார், நீங்க டைட் பண்ணதுலதான் நின்னுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அவர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "அப்போ நீ பக்கத்துலதான நின்ன? தெரிஞ்சுகினே சும்மா இருந்தியா?"

அவர் பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்தார். "வெளிய பேசினா நம்ம ரெண்டு பேருக்குமே நல்லா இருக்காதுப்பா. போ."

திரும்பி வந்தேன். அந்தச் சம்பவத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். திடீர்க் காற்றால் விமானம் நிலை தவறியது என்று அதில் இருந்தது. பட்டறை உதவியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் கேட்டார்கள். கல்லூரித் தாள் ஒன்றில் என் பெயரை அவர்களே முழுசாக அச்சடித்திருந்தது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விழா அன்று அந்த ஏரியில் ஒரு காய்ந்த சருகுகூட அசையவில்லை.