இடப்பக்கம் இழுத்த பயிற்சிக் கார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திய அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி என்றால் ஓர் அறை, ஒரு மேசை, சாலைச் சின்னங்கள் அச்சிட்ட அட்டை, வாசலில் இருபத்திரண்டு வயது முடிந்த ஒரு வெள்ளைக் கார். தன் வாயை எவ்வளவு நம்பினாரோ அவ்வளவு அந்தக் காரையும் நம்பினார்.

ஒரு வருடமாகவே கார் இடப்பக்கம் இழுத்தது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வேறு. எல்லாவற்றுக்கும் மாஸ்டரிடம் காரணம் இருந்தது. காலையில் இழுத்தால் ரோட்டுச் சரிவு. மாலையில் இழுத்தால் காற்று. மற்ற நேரமெல்லாம் மாணவரின் கைக்கோளாறு. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பதுதான் நேர் என்று சொல்லிக்கொடுத்தார். அவர்களும் பயபக்தியோடு கற்றுக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, வீல் அலைன்மென்ட் கடையில் மூன்று முறை காட்டவும் செய்தார். மூன்று முறையும் மெஷின் பச்சைக் கோடு போட்டுக் காகிதம் கொடுத்தது. அதில் ஒன்றுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

வினை லைசென்ஸ் தேர்வில் வந்தது. இனி பள்ளிக் காரில் அல்ல, போக்குவரத்து அலுவலகத்தின் புதுக் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். மாஸ்டரின் மாணவர்கள் ஆறு பேர் ஏறினார்கள். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வலப்பக்கம் போய் ஒரே பூந்தொட்டியில் முட்டினார்கள். ஆறாவது ஆள் மாஸ்டரின் மனைவி.

தேர்வு அதிகாரி பொறுமைசாலி. “தப்புப் பண்றதுலகூட ஆளுக்கு ஒரு விதம் இருக்கும், மாஸ்டர். உங்க ஆளுங்க எல்லாரும் ஒரே அச்சு” என்றார்.

வழியெல்லாம் மாஸ்டர் அந்தப் புதுக் காரைத் திட்டிக்கொண்டே வந்தார். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மறுநாளே காரை மெக்கானிக்கிடம் விடவைத்தாள். கூடவே போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தும் கொண்டாள்.

மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். அதனாலேயே மாஸ்டருக்கு அவர்மேல் மதிப்பில்லை. முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரியாக்கி ஓட்டிப் பார்த்தார். இழுத்தது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். குற்றம் டயருடையது என்றால் இப்போது வலப்பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை, பழையபடி இடப்பக்கமே போனது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். தாராளமாகச் சுற்றியது, ஆக, பிரேக்கும் பிடித்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் வண்டியில் ஒன்றுமில்லை என்று மாஸ்டர் கிளம்பப் பார்த்தார். அதற்குள் மெக்கானிக் அடியில் நுழைந்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மூட்டில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அசையவே கூடாத மூட்டு விரலளவு ஆடியது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் புஷ் கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

“மெஷின்ல எல்லாம் சரின்னு வந்துச்சே?” என்றார் மாஸ்டர்.

“நிக்கிறப்போ எல்லாமே சரியாத்தான் இருக்கும். ஓடுறப்பதான் வண்டவாளம் தெரியும்.”

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

புஷ் மாற்றியதும் கார் நூல் பிடித்தாற்போல் போனது. மாஸ்டர்தான் ஒரு வாரம் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அந்த ஒரு வருடத்தில் பழைய விதிப்படி இதே காரில் ஓட்டித் தேறி, லைசென்ஸோடு ரோட்டில் இறங்கியவர்கள் முப்பத்தெட்டு பேர். அத்தனை பேருக்கும் போன் போட்டு, ‘உயர்நிலைப் பயிற்சி, இலவசம்’ என்று கூப்பிட்டார். உண்மையைச் சொல்லியே கூப்பிட்டால் என்ன என்று மனைவி கேட்டபோது அடுத்த நம்பரைப் போட்டார்.

ஆனால் கடைசி நாள் எல்லோரையும் உட்காரவைத்துத் தொண்டையைக் கனைத்தார். “குறை உங்க கையில இல்ல. என் வண்டியில இருந்துச்சு. நான்தான் உங்க தலையில போட்டேன்.”

மாணவர்களில் ஒருவரான தையற்காரர் எழுந்து, மாணவர் குறையைத் திருத்திவிட்டு அதைத் தன் குறையென்று சொல்லிக்கொள்ளும் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறையே கைதட்டியது. மாஸ்டர் இரண்டு தரம் மறுத்தார். மூன்றாம் தரம் மறுக்கவில்லை. கதவருகில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதத் தேர்வில் அவள் தேறினாள். அந்தப் பெருமையையும் மாஸ்டரே எடுத்துக்கொண்டார்.