காரையார் பாதையில் ஒரு சிலுப்பல்

ஓடை நடுவே யானை நிற்பதால் எங்கள் வேனும் நிற்கிறது. யானை பார்க்கும் ஆசையில் அய்யனார் கோயில் வேனில் தொற்றிக்கொண்டவன் நான். இத்தனை பக்கத்தில் பார்க்க ஆசைப்படவில்லை. கேமராவில் ஃபிலிம் சுற்றக்கூடக் கை வரவில்லை. அருகே ஒரு முக்கூடல்கார அம்மா, நேர்ந்துவிட்ட கிடாவின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

யானை துதிக்கை நிறைய நீரை உறிஞ்சி, ஜன்னல் வழியே எங்கள்மேல் பீய்ச்சியடித்துவிட்டு மூங்கிலுக்குள் நடக்கிறது. கிடா உடம்பைச் சிலுப்புகிறது. வேன் முழுக்கக் குலவைச் சத்தம். கிடாக்கார அம்மா என் பக்கம் திரும்புகிறார்.

“தண்ணி தெளிச்சதும் சிலுப்புனா, வெட்டுறதுக்குச் சாமி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம், அண்ணாச்சி!”

நானும் சிரித்தபடி ஈரத் தலையைச் சிலுப்புகிறேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“நீங்களும்லா சிலுப்புதீய! கோயில்ல அருவாக்காரன் பக்கத்துல நிக்காதீய.”