விளக்கு வைத்த பிறகு கேட்ட உப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; உதவி என்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

அப்போது திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். சித்தப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. போகும்போது சித்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். பெண்டாட்டியை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறவர் வேறு யார் என்று எனக்குப் பெருமை. சித்திரை வெயிலிலும் சித்தி முழுக்கை ரவிக்கை போட்டிருப்பாள். அதை நாகரிகம் என்று நினைத்தேன்.

ஜன்னலண்டை நின்று நான் பேசிவிட்டு வருவேன். அவளிடம் பேச வேறு ஆள் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, வீடுகளில் விளக்கு வைத்தாயிற்று. சித்தி கம்பி வழியாக ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"கண்ணு, ஓடிப்போயி அம்மாகிட்ட ஒரு பிடி உப்பு வாங்கியா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா சித்தி, வெளக்கு வெச்சப்புறம் யார்னா உப்பு கேப்பாங்களா? லட்சுமி வூட்டவுட்டுப் பூடும்."

"குடுக்காட்டிப் போவுது. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லு."

"காலைல நானே எடுத்தாறேன். அம்மாகிட்ட ஒத வாங்க என்னால ஆவாது."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அவள் விரல்கள் கம்பியைப் பிடித்தபடியே இருந்தன. வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

காலையில் உப்பைக் காகிதத்தில் மடித்தபோது அம்மா யாருக்கு என்று கேட்டாள்.

"சித்திக்கு. நேத்து வெளக்கு வெச்சப்புறம் கேக்குது, அறிவு கீதான்னு பாரு."

அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். என்ன ஏது என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், "வெளக்கு வெச்சப்புறம் உப்பு கேட்டு ஆளனுப்பு, இன்னா ஏதுன்னு கேக்காம ஓடியாறேன்னு சொல்லி வெச்சிருந்தேனே!" என்று கத்தினாள். அந்த அக்கா அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். சித்தப்பா மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு அடியில் பூட்டு தெறித்தது.

உள்ளே சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள், "தடுக்கி உழுந்துட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

"உழல டாக்டரம்மா. ஷிப்டு முடிஞ்சி வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயி, சொன்னாமாரியே வந்து அடிச்சான். அப்டியே எழுதுங்க" என்றாள், வழியிலேயே சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அம்மா.

சித்தப்பா கூப்பிட வந்தபோது குழாயடிப் பெண்கள் எங்கள் வாசலை அடைத்து நின்றார்கள். அவர் போய்விட்டார். சித்தி கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அந்தக் கை மட்டும் நிமிரவே இல்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதனால் நான் செய்தது சரி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். சித்தி என்னோடு சிரித்துப் பேசுவாள், தலை பின்னிவிடுவாள். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டுமென்றாலும் தானே எழுந்து போவாளே தவிர, என்னைக் கேட்டதில்லை. அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பேத்தி, இந்தா, எழுதி முடிச்சிட்டேன். சத்தமாப் படிச்சிக் காட்டு. இத்தினி வருசத்துல இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. யார்னா சொல்லி என் காதால கேக்கணும்.