படிக்கட்டில் வைத்த மைக்

என் அக்கா கார்லீனைத் தெரிந்தவர்கள் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, சியாட்டில் பக்கத்துக் கடலோரம் எங்கள் ஊரான வெஸ்ட்போர்ட் துறைமுகத்தில் நண்டு உடைக்கும் கம்பெனியில் சேர்ந்தவள். நாள் முழுக்க நின்றபடி நண்டுக் காலை உடைத்துச் சதையை உதற வேண்டும். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். மேஸ்திரி அவள் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போவான். அப்பா மரம் வெட்டப் போன இடத்தில் காலை ஒடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது வீட்டைத் தாங்கியவள் அவள்தான். எனக்கு முதல் டிரம் செட் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். "இதை அடி, சுவத்தை அடிச்சு உயிரை வாங்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவள் ரூடி மச்சானைக் கட்டிக்கொண்டது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார். சொந்தமாக ஒரு சின்ன நண்டுப் படகு. கூண்டு போடுவார், தூக்குவார், வருவார், சாப்பிடுவார், சிரிப்பார். "இந்த ஆளுகூட சண்டை போடறதும் ஒண்ணுதான், ஃபிரிட்ஜ்கூட சண்டை போடறதும் ஒண்ணுதான்" என்பாள் அக்கா. ஆனால் அவர் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற நாளில் வீட்டில் துணி துவைக்க மாட்டாள். எங்கள் ஊரில் எந்தப் படகுக்காரன் பெண்டாட்டியும் துவைக்க மாட்டாள். துவைத்தால் கடல் ஆளைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. எங்கள் முகத்துவாரம் அப்படி. அலை நிமிர்ந்து நின்றால் படகைக் குப்புறப் போட்டுவிடும்.

நாங்கள் மூன்று பேர். வேட் பாடுவான், கிட்டாரும் அவனே. லைல் பேஸ் கிட்டார். நான் டிரம்ஸ். குழுவுக்குக் 'கூண்டு' என்று பேர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் இளவட்டங்கள் என்ன செய்யும்? குடிக்கும், இல்லாவிட்டால் சத்தம் போடும். நாங்கள் இரண்டையும் செய்தோம். இந்தச் சத்தத்துக்குக் கிரஞ்ச் என்று பேர் என்பதே பின்னால் பத்திரிகையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். குளிருக்கு நாங்கள் மாட்டிக்கொண்டு திரிந்த கட்டம் போட்ட சட்டையை நியூயார்க் கடையில் பொம்மைக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லைல் விழுந்து விழுந்து சிரித்தான்.

துறைமுகத்தில் மூடிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனி மாடியில் ஓர்வில் என்று ஒருவர் ரெக்கார்டிங் அறை போட்டிருந்தார். எதிரொலி கொடுக்கிற மெஷின் வாங்க அவருக்கு வக்கு கிடையாது. அதனால் ஒரு மைக்கைக் கீழே படிக்கட்டு ஓரம் வைத்துவிட்டு, மேலே கதவைச் சாத்திவிடுவார். அகலமான சிமெண்டுப் படிக்கட்டு. என் டிரம்ஸ் சத்தம் கதவைத் தாண்டி அதில் இறங்கி, சுவரில் முட்டி, பெரிய பூதம் ஒன்று நடமாடுவதுபோல மைக்கில் விழும். எங்கள் பக்கத்துக் குழுக்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். கழிப்பறையில் மைக் வைத்தவனும் உண்டு. ஓர்வில் மைக் வைத்த இடத்துக்கு மேலே, சுவரில், ஐஸ் கம்பெனிக் காலத்துப் போன் ஒன்று மாட்டியிருந்தது. அது இன்னும் வேலை செய்தது; வேலை முடிந்ததும் அக்கா எங்களைப் பார்க்க வருவாள் என்று தெரிந்தவர்கள் அவளைத் தேடி அதில்தான் அடிப்பார்கள்.

அன்று நாங்கள் வாசித்த பாட்டு 'ஈரம்'. நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் நின்றுவிடும். லைலின் ஒற்றைத் தந்தி மட்டும் முனகிக்கொண்டிருக்கும். அதுவும் நேராக மெஷினுக்குள் போகிற சத்தம், அறையில் கேட்காது. நான் குச்சியைத் தூக்கியபடி காத்திருப்பேன். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து விழுவோம். அந்த நிசப்தம் பாட்டில் வருவதற்காகவே அத்தனை நாள் பழகியிருந்தோம்.

வாசித்து முடித்தோம். ஓர்வில் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கீழ யாரோ கத்தினாங்கப்பா" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கடைசிப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து எங்களுக்கு சூப் கொண்டு வந்திருக்கிறாள். பாத்திரம் மடியில் இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. போன் ரிசீவர் சுவரோரம் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"ரூடி படகு முகத்துவாரத்துல கவுந்துடுச்சாம்டா டெல்" என்றாள். மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். "முகத்துவாரத்தைப் பாத்துக்கிட்டிருக்கற கடல் காவல் கோபுரத்துக்காரன் பேசினான். இப்பதான், அவன் கண்ணு முன்னாடியே கவுந்துச்சாம்."

படகில் கூட இருந்த இரண்டு பேரின் உடலையும் மறுநாள் மணலில் ஒதுக்கியது கடல். மச்சானைத் தரவில்லை. சவப்பெட்டி இல்லாமல் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தினோம், அவ்வளவுதான். ஊரே சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது. அக்கா எதையும் தொடவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "எங்க போனாருன்னு தெரியலையே, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே" என்பாள். பேசாத மனுஷனிடம் அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்து அப்படியே மெலிந்துபோனாள். 

கொஞ்ச நாள் கழித்து ஓர்வில் டேப்பைப் போட்டுக் காட்டினார். எல்லாம் அடங்குகிறது. முனகல். அப்புறம் அந்த அலறல். எங்கிருந்தோ கிளம்பி, ஏறி, உச்சியில் உடைந்து போகிறது. அது முடிவதற்கும் நாங்கள் விழுவதற்கும் சரியாக இருந்தது. செய்தி வந்திருக்கிறது, அக்கா கத்தியிருக்கிறாள். வேறு யார் இருந்தார்கள் அந்தப் படிக்கட்டில்?

"நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இது வராதுடா" என்றான் வேட்.

"அது என் அக்காடா நாயே" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

வேட் கெட்டவன் இல்லை. தானே போய் அக்காவிடம் கேட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கத்தினேனா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே. கத்தியிருப்பேன். என்னவோ பண்ணித் தொலைங்க."

பாட்டு வெளியே போனது. முதலில் கல்லூரி ரேடியோக்கள், அப்புறம் சியாட்டில், அப்புறம் டி.வி. கோடை வந்தபோது அதைத் தவிர எதையும் போட மாட்டேன் என்றார்கள். எங்களுக்கே நம்ப முடியவில்லை. கச்சேரிகளில் அந்த இடம் வரும்போது வேட் வாயை மூடிக்கொள்வான். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அலறுவார்கள். நான் குச்சியைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பேன். முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருக்கும். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வெஸ்ட்போர்ட்டில் மட்டும் அந்தப் பாட்டு வேறு மாதிரிக் கேட்டது. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. நண்டுக் கம்பெனியில் ரேடியோவில் 'ஈரம்' வந்தால், அந்த இடத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தி ஈரக் கையோடு ஓடிப்போய்ச் சத்தத்தை அமுக்கிவிடுவாள். மதுக்கடையில் ஊற்றுகிறவன் கை தானாக ரேடியோக் குமிழுக்குப் போகும். பெட்ரோல் பங்க், முடிவெட்டுகிற இடம், எங்கேயும் அப்படித்தான். அக்கா பக்கத்தில் இல்லாவிட்டாலும் அமுக்குவார்கள். ஊர் முழுக்க அந்த இடத்தில் பேச்சும் நின்றுபோகும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் சத்தத்தை மறுபடி திருகிவிடுவார்கள். வெளியூர்க்காரன் எவனாவது "ஏன்யா அமுக்கறே?" என்று கேட்டால் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அதனால் அக்கா அதை ஒரு தடவைகூடக் காதால் கேட்டதில்லை. மற்றவர்கள் கத்திக் காட்டித்தான் அவளுக்குத் தெரியும். ஒருநாள் பக்கத்து ஊரான அபர்தீனில் பெரிய கடைக்குப் போயிருக்கிறாள். பச்சை முடிக்காரப் பெண் ஒருத்தி தோழியைப் பயமுறுத்துவதற்காக ரொட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த அலறலை எடுத்து விட்டிருக்கிறாள். இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கின்றன. அக்கா சாமான் தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"டெல், அதை எடுத்துடு."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியாதா? என் புருஷன் செத்ததைக் கண்டவனும் கத்திக்கிட்டுத் திரியறான். அது என் வாயில இருந்து வந்ததுதானே? எனக்குத் திருப்பிக் கொடுத்துடு. தூக்கம் போச்சுடா எனக்கு. கண்ணை மூடினா ஊரே என் தொண்டையில கத்துது."

அவள் என்னிடம் எதையும் கேட்டதே கிடையாது. அப்போது ஒரு பெரிய கம்பெனி எங்கள் பாட்டுகளை மறுபடி சரிசெய்து ஆல்பமாகப் போட இருந்தது. உலகம் முழுக்கப் போகிற ஆல்பம். அந்த அலறல் அதில் இருந்துவிட்டால் அப்புறம் அழியவே அழியாது. வேட்டிடம் சொன்னேன்.

"அதை எடுத்தா பாட்டு பொணம்டா" என்றான்.

"எடுக்கலேன்னா வேற ஆளை வெச்சு டிரம்ஸ் அடிச்சுக்கோ."

வேட் சிகரெட்டை நசுக்கினான். "சரி. அக்காவையும் கூட்டிட்டு வா" என்றான்.

சியாட்டில் ஸ்டூடியோவில் கம்பளம் அவ்வளவு கனம், நடந்தால் காலடிச் சத்தமே வராது. பாட்டைச் சரிசெய்ய கிராண்ட் என்று கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மாதிரி. அக்காவுக்குத் தன் நாற்காலியையே கொடுத்தார். மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அந்தப் படிக்கட்டு மைக்குல விழுந்தது டேப்புல தனியா ஒரு தடத்துல இருக்கு மேடம். மத்ததையெல்லாம் மூடிட்டு அதை மட்டும் வெச்சா, எங்க வெட்டணும்னு தெரிஞ்சிடும். நீங்க வேணும்னா வெளிய இருங்க."

"எத்தனையோ நண்டை உயிரோட உடைச்சவ நான். போடு" என்றாள் அக்கா.

போட்டார். தூரத்தில் பூதம் நடப்பதுபோல என் டிரம்ஸ். கீழே கதவு திறந்து மூடுகிற சத்தம். ரப்பர் பூட்ஸ் படியில் ஏறுகிறது, ஒன்று, அடுத்தது, அவசரமில்லாமல். பாத்திரத்தின் மூடி லேசாகத் தடதடக்கிறது. டிரம்ஸ் நின்றது. அக்கா எங்கள் பாட்டின் மெட்டையே வாய்க்குள் முனகிக்கொண்டு ஏறுவது கேட்டது. அவளுக்கே உரிய முனகல், பாதி சுருதியில். இத்தனை நாளும் லைலின் தந்திக்கு அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

அப்போது அந்த அலறல் வந்தது.

முனகல் நிற்கவில்லை. பூட்ஸ் நிற்கவில்லை. மூடி அதே மாதிரித் தடதடத்தது. ஒரே மைக்கில் அந்த அலறலும் அக்காவின் மெட்டும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அலறல் உச்சியில் உடைந்தது. டிரம்ஸ் விழுந்தது. அக்கா இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான், கொஞ்சம் கழித்து, போன் அடித்தது. பூட்ஸ் திரும்பி இறங்கி வந்தது. "ஹலோ. ஆமா, நான்தான்." மௌனம். "சரி." அவ்வளவுதான். அவள் கத்தவே இல்லை.

கிராண்ட் டேப்பை நிறுத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. 

"பழைய டேப்பா? முன்னாடி எதையாவது பதிவு பண்ணினதா இருக்கும்" என்றார் கிராண்ட். தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை போல, தண்ணீர் குடித்தார்.

"புது டேப்பு. உறையை நான்தான் பிரிச்சேன்" என்றான் வேட்.

அக்கா கையை நீட்டினாள். "திருப்பிப் போடு."

மறுபடி போட்டார். இந்தத் தடவை அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலறல் ஏறும்போது அவள் உதடு பிரிந்தது.

"இது நான் இல்லடா."

"அக்கா..."

"இப்படி ஒரு சத்தம் பக்கத்துல கேட்டிருந்தா நான் பாட்டு பாடிக்கிட்டா படி ஏறுவேன்? பாத்திரத்தைப் போட்டுட்டு ஓடியிருக்க மாட்டேனா?" மழைக்கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல அவர் விரல் கூண்டு இழுக்கற விஞ்சுல மாட்டிக்கிச்சு. நான் படகுல கூடவே நிக்கறேன். அப்ப ஒரு தடவை கத்தினாரு. வாழ்நாள்ல அந்த ஒரே தடவை. மேல போயி இப்படித்தான் உடைஞ்சுது. இது ரூடிடா."

 காவல் கோபுரத்துக்காரன் படகு கவிழ்ந்ததைப் பார்த்தவுடன் போனை எடுத்தவன். அந்தப் போன் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான், அந்த அலறல் வந்த நேரத்தில்தான், படகு கவிழ்ந்திருக்க வேண்டும். முகத்துவாரம் எங்கே, ஐஸ் கம்பெனிப் படிக்கட்டு எங்கே.

"என்னைக் கூப்பிட்டிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரேன்னு அவரைத் திட்டித் தீர்த்தேனே, பாவி நான்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. "ஊரே சேர்ந்து வருஷம் பூரா அவர் வாயை அமுக்கிட்டீங்களேடா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் காதுல விழ விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேனே."

 அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். வேட் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கிராண்ட் மெதுவாகக் கேட்டார்: "மேடம், அப்ப இதை எடுக்க வேணாமா?"

"அதைத் தொட்டே, கையை உடைச்சிடுவேன். அது அங்கேயே இருக்கட்டும். யாரு வேணா கத்தட்டும், சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல." மூச்சு வாங்கினாள். "ஆனா அந்தப் போனை எடுத்துடு."

"போன் யாருக்கும் கேக்காது மேடம். கிட்டார் எல்லாம் சேர்ந்தா அடியில அமுங்கிப் போயிடும்."

"எனக்குக் கேக்கும்" என்றாள் அக்கா.

அவர் எங்களைப் பார்த்தார். வேட் தலையசைத்தான். கிராண்ட் டேப்பை அலறல் முடிகிற இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி, மணி அடிப்பதற்கு முன்னாலிருந்து அந்தத் தடத்தைக் கடைசிவரை அழித்தார். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தத் தடத்தை மட்டும் மறுபடி ஓட விட்டார். மச்சான் கத்தினார். அக்கா பாட்டை முனகியபடி சூப் பாத்திரத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். போன் அடிக்கவில்லை.