பழைய எண், புதிய எண்: அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு வரைபடம் போன வழி

இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று இணைப்பு கொடுத்தவர்களின் ஆபீசுக்கே கிளம்பத் துடிக்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 1999இல் ஒரு வெள்ளிக்கிழமை நானும் அப்படித்தான் கிளம்பினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு பேர் வேலை பார்த்த லேத் பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை. பூந்தமல்லியில் ஒரு பெரிய கம்பெனிக்கு மாலை நான்கு மணிக்குள் ஒரு வரைபடம் போய்ச் சேர வேண்டும். அந்த ஆர்டர் வராவிட்டால் லேத் ஓட்டும் தனசேகரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பிளாப்பியில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்பீர்கள். கூடாதாம். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அவர்கள் கம்ப்யூட்டருக்கு நேராக வர வேண்டுமாம்.

காலையிலிருந்து எத்தனை முறை அனுப்பினாலும், அட்ரஸ் சரியில்லை என்று அந்தப் பக்கம் ஏற்கவில்லை. பூந்தமல்லிக்கும் இணைப்பு கொடுத்தவர்களுக்கும் போன் போட்டால் எந்நேரமும் எங்கேஜ்டு. பதினொன்றே காலுக்கு பஸ் ஏறினேன். இணைப்பு கொடுத்தவர்களின் ஆபீஸ் ஆவடியில். ஒன்பது கிலோமீட்டர், மூன்று ரூபாய், முக்கால் மணி நேரம், நின்றுகொண்டே.

முன் மேஜையில் இருந்த பெண்ணிடம் "எங்க அட்ரஸ்ல ஏதோ தகராறு" என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"அட்ரஸ் மாறிடுச்சா? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஓணும் சார்."

வீட்டு அட்ரஸ் இல்லையம்மா, கம்ப்யூட்டர் அட்ரஸ், இன்டர்நெட்டில் அதற்குக் கொடுத்திருக்கும் நம்பர் என்று விளக்கி முடிப்பதற்குள் டெக்னீஷியன் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு மணிக்கு வந்தார். எரிச்சலில் நான் தேவையில்லாமல் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க மெஷின்ல புது நம்பர் கரீட்டா கீது சார். நாங்க லைன் வாங்குற பெரிய கம்பெனிய போன மாசம் மாத்திகினோம், அதான் அல்லாருக்கும் நம்பர் மாறிச்சு. பூந்தமல்லி லிஸ்ட்ல உங்க பழைய நம்பர்தான் கீது போல. லிஸ்ட்ல இல்லாத நம்பர்னா அந்த மெஷின் உள்ள வுடாது."

"பழைய நம்பரும் செல்லும் இல்ல? வீட்டு வாசல்ல பழைய எண், புதிய எண் ரெண்டும் போட்டிருக்கு. லெட்டர் ஒழுங்கா வருதே."

"போஸ்ட்மேனுக்கு உங்கள தெரியும் சார். இதுக்கு ஆரையும் தெரியாது. வழில கீற ஒவ்வொரு மெஷினும் நம்பர பாத்து அடுத்த மெஷினாண்ட தள்ளிவுடும், அவ்ளோதான். உங்க பழைய நம்பர் இப்ப ஆரு கைல கீதோ."

பூந்தமல்லி பஸ்சுக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். வரவில்லை. எண்பது ரூபாய்க்கு ஆட்டோ, பத்து கிலோமீட்டர். பாரிவாக்கம் திருப்பத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. "இன்னா சார் பண்றது, பறக்கவா முடியும்" என்றார் ஆட்டோக்காரர். கேட்டில் பாஸ் வாங்கி உள்ளே போனபோது மூன்றே முக்கால்.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் செல்வமணி. லிஸ்ட்டைத் திறந்தார். இருந்தது பழைய எண்தான். பிறகு லிஸ்ட்டில் சேர்ப்பதற்காக நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். என் கையெழுத்தில், வாசல் பலகையில் எழுதுவதுபோலவே, 'பழைய எண் / புதிய எண்' என்று இரண்டும் எழுதியிருந்தேன்.

"முதல்ல இருந்தத அடிச்சேன் சார்" என்றார். அவரை என்னவென்று கோபித்துக்கொள்வது?

எண்ணை மாற்ற ஒரு நிமிடம் ஆனது. முதலாளிக்கு போன் செய்தேன், நல்லவேளையாகக் கிடைத்தார். அவர் அங்கிருந்து அனுப்ப, மூன்று ஐம்பத்து நான்குக்கு வரைபடம் கிளம்பியது. அது வரும் வழியை செல்வமணி திரையில் காட்டினார். ஆவடி, பம்பாய், அமெரிக்கா, மறுபடி பம்பாய், பூந்தமல்லி. எங்கள் இணைப்புக் கம்பெனிக்கும் அவர்களுடையதற்கும் இடையே இங்கே நேர் வழி கிடையாதாம். ஆவடியிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அமெரிக்கா. வரைபடம் வந்து சேர்ந்தபோது நான்கு ஆறு. வரைபடங்கள் வந்து விழும் கம்ப்யூட்டர் பெட்டி நான்கு மணிக்கே தானாகப் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண் மாறினால், உங்களை லிஸ்ட்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் அன்றே சொல்லுங்கள். புதிய எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆவடிக்குப் போவதானால் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள்.

சனிக்கிழமை பட்டறையில் எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். வரைபடத்தின் அளவுகளை என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தவர் தனசேகர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ட்ராயிங்ல ஒண்ணியும் தப்பு இல்லியே சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தன் சாமான்களைத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தார்.